தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் இறந்தவர்

சாவிக்காரம்மா கொலை செய்யப்பட்ட சேதி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தெரியவந்தது.

"அத்தை, உங்களைக் கொன்னுட்டாங்க," என்றாள் மருமகள், கையில் புத்தகத்தோடு வாசற்படியில் நின்றபடி.

"யாரு?"

"கறுப்பு அங்கி போட்ட ஏழு பேரு. தொண்ணூத்தி நாலாம் பக்கத்துல."

"சரி, அங்க பால் பொங்குது பாரு," என்றார் சாவிக்காரம்மா.

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இருமல் மருந்துத் தட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். ஒரு மருந்துச் சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில் நாலு பக்கம் படித்துவிடுவாள். அந்த ஊரில் மாதம் பன்னிரண்டு மர்ம நாவல் போடும் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. பேருந்து நிலையம், ரயிலடி, பல் டாக்டர் வீட்டு நாற்காலி என்று எங்கே உட்கார்ந்தாலும் அதன் புத்தகம் ஒன்று கையில் தட்டுப்படும். அந்த நாவல்களைப் படிக்காதவர்கள் ஊரில் இரண்டே வகை. எழுத்துத் தெரியாதவர்கள், அவற்றை எழுதியவர்கள்.

இந்த மாத நாவலின் பெயர் 'பாதாளத்தின் பதினான்கு பூட்டுகள்'. கதை நடப்பது ஒரு வழிபாட்டு மண்டபத்தில். பச்சை வாசல் கதவு, இருபத்திரண்டு படி, நாலரை மணியிலேயே நின்றுபோன சுவர்க் கடிகாரம், பதினான்கு சாவிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும் ஒரு பெண். சாவிக்காரம்மா பதினெட்டு வருஷமாகத் திறந்து மூடிவரும் மண்டபம் அச்சு அசலாக அதில் இருந்தது. அவரும் கடவுளும் மட்டும்தான் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருந்தார்கள்.

நிஜச் சாவிக்காரம்மாவுக்கு வயது ஐம்பத்து நான்கு, சர்க்கரை உண்டு, இடது முழங்கால் மடங்காது. நாவலில் வருகிறவளுக்கு இருபத்தாறு. திராட்சைக் கண்கள். எந்நேரமும் ஈரக் கூந்தல். ஒரு ரகசியக் கூட்டத்தின் தலைமைப் பூசாரிணி. பதினான்கு சாவிகளையும் எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள் என்பதை விவரிக்க மட்டும் ஆசிரியர் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, இருமினாள்.

"மேல படி."

"வேணாம் அத்தை. சுருக்கமாச் சொல்றேன். துப்பறியறவன் ஒருத்தன் வர்றான். பத்தே நிமிஷத்துல இவளுக்கு அவன்மேல ஆசை வந்துடுது. ஒரு முத்தம் குடுத்து, பதினாலு சாவியையும் கழட்டி அவன் கையில குடுத்துடறா. அதனால அவளைக் கொன்னுடறாங்க. செத்த பிறகும் அழகா இருந்தாளாம்."

சாவிக்காரம்மா துலக்குவதை நிறுத்தினார்.

"சாவியைக் குடுத்தாளா?"

"ஆமா."

"கையெழுத்து வாங்காமலா?"

கொன்றதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவியைக் கொடுத்ததுதான் நெஞ்சில் தைத்தது. பதினெட்டு வருஷத்தில் மண்டபக் குழுத் தலைவரே வந்து கேட்டாலும் நோட்டில் கையெழுத்து வாங்காமல் ஒரு சாவியைக்கூட அவர் கழற்றியதில்லை. ஒருமுறை சாவிக்கொத்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அரை நாள் தேடியதிலிருந்துதான் அதைக் கழுத்தில் மாட்டத் தொடங்கினார். அதில் கவர்ச்சி ஏதும் இருப்பதாக இதுவரை அவருடைய முதுகுவலி ஒத்துக்கொண்டதில்லை.

அப்போதுதான் போன வருஷம் வந்த ஒரு தொப்பிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், இவர் கொடுத்தார். கீழே போகும் படிக்கட்டைக் காட்டி அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். உடைந்த நாற்காலி, பினாயில், பழைய பாய் என்று இவர் உள்ளதைச் சொன்னார். தொப்பிக்காரர் ஒரு மாதிரி சிரித்து, "அதைத்தானே சொல்லுவீங்க" என்று குறித்துக்கொண்டு போனார்.

புத்தகம் வந்த அடுத்த வாரத்திலிருந்து மண்டபத்துக்குப் புதுப்புது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கும்பிட வருகிறவர்கள் அல்ல. படிக்கட்டைப் படம் எடுத்தார்கள், சுவரைத் தட்டி உள்ளே பொள்ளலா என்று காது வைத்துக் கேட்டார்கள், பினாயில் வாசனையை மோந்து பார்த்து ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். சாவிக்காரம்மா குனிந்து பாய் சுருட்டும்போதெல்லாம் அவர் கழுத்துக் கயிறு எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்கென்றே சிலர் நின்றார்கள். இருபத்தாறு வயதில் இல்லாத கூச்சம் அவருக்கு ஐம்பத்து நான்கில் வந்து சேர்ந்தது.

நிர்வாகக் குழு கூடியது. தலைவர் மரக்கடைக்காரர், அதிகம் பேசமாட்டார். பேசுவதற்கென்று செயலாளர் இருந்தார்.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்ல," என்றார் செயலாளர். "ஆனா சந்தேகப்படறவங்களுக்கு நாங்க பதில் சொல்லணுமில்ல? நீங்கதான் அந்தப் பொண்ணுன்னு பேச்சு அடிபடுது. முத்தம் குடுத்தீங்கன்னு நாங்க சொல்லல. குடுக்கலன்னும் எங்ககிட்ட ஆதாரம் இல்ல."

"ஐயா, எனக்கு முட்டி மடங்காது."

"முத்தத்துக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? விஷயத்துக்கு வாங்க. அந்த நிறுவனத்துல போய், அந்தப் பொண்ணு நீங்க இல்லன்னு ஒரு கடிதாசு வாங்கிட்டு வாங்க. வந்த அன்னைக்கே சாவி உங்க கையில. அதுவரைக்கும் சாவி குழுவோட பாதுகாப்புல இருக்கட்டும்."

சாவிக்காரம்மா நோட்டை எடுத்து நீட்டினார். தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்ட பிறகே கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். வீட்டுக்கு நடந்து போகும்போது கை தானாக நெஞ்சுக்குப் போய்ப் போய் வெறுமையைத் தொட்டது. விடியற்காலையில் யாரும் இல்லாத மண்டபத்தில் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாய் விரிக்கும் அந்த அரை மணி நேரம்தான் அவருடைய வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது. அது போனால் மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு கடிதம்தானே, போனால் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினார். மருமகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள்.

நிறுவனத்துக்கு ஆறு மாடி. வரவேற்பறைச் சுவர் முழுக்க அட்டைப்படங்கள். எல்லாவற்றிலும் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு எதிலிருந்தோ ஓடிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தலை ஈரமாக இருந்தது. இத்தனை பேருக்குத் துவட்டத் துண்டு கொடுக்க ஒரு ஆள் இல்லையா என்று சாவிக்காரம்மா வருத்தப்பட்டார்.

வரவேற்பில் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். அதன் தலைப்பு 'பாத்திரங்கள் குறைதீர் விண்ணப்பம்'. பெயர் கேட்கவில்லை, பக்க எண் கேட்டது. அடுத்த கட்டத்தில் 'தற்போதைய நிலை: உயிருடன் / சடலம் / கனவில் மட்டும்' என்று இருந்தது. மருமகள் 'உயிருடன்' என்பதில் குறியிட்டுக் கொடுத்தாள்.

வரவேற்பாளர் கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தொண்ணூத்தி நாலுல இறந்துட்டாங்களே."

"உங்க முன்னாடிதானே உட்கார்ந்திருக்காங்க?"

"இருக்கலாம். நாங்க புத்தகப்படிதான் போக முடியும். இறந்தவங்க நேரடியா மனு குடுக்க வழியில்ல. நெருங்கின சொந்தம் யாராவது குடுக்கலாம். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"மருமக."

"உங்க வயசு?"

"இருபத்தொம்போது."

"இறந்தவங்களுக்கு இருபத்தாறு," என்றார் அவர், திருடனைப் பிடித்துவிட்டவர் போல. "இருபத்தாறு வயசுப் பொண்ணுக்கு இருபத்தொம்போது வயசுல மருமகளா? போலி உறவு காட்டி மனு குடுத்தா நிறுவனம் வழக்குப் போடும், தெரியுமில்ல?"

மருமகளுக்கு வாய் துடித்தது. சாவிக்காரம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினார். அரை மணி நேரக் கெஞ்சலுக்குப் பிறகு 'தற்போதைய நிலை'யில் சடலம் என்று திருத்தி, அருகே 'மேல்முறையீட்டில்' என்று எழுதிக் கொடுத்தால் நாலாம் மாடிவரை போக அனுமதி உண்டு என்று தெரிந்தது. எழுதிக் கொடுத்தார்கள். சடலத்துக்கு லிப்டில் ஏற உரிமை உண்டா என்று மருமகள் கேட்டாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழுது என்றார்.

நாலாம் மாடியில் பெண் பாத்திரப் பிரிவு. அதன் மேலாளர் ஆண். பிரிவில் வேலை செய்த பதினோரு பேரும் ஆண்கள். மேலாளர் எழுந்து நின்று வணங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவிக்காரம்மாவை உட்காரவைத்தார். அவ்வளவு மரியாதையை அவர் இதுவரை எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

"பெண்மையை இந்த நிறுவனம் போற்றுற மாதிரி வேற எங்கயும் போற்ற மாட்டாங்கம்மா," என்று மேலாளர் தொடங்கினார். "முதல் இருபது பக்கத்துக்குள்ள ஒரு பெண்ணையாவது கொண்டுவராம நாங்க இதுவரைக்கும் ஒரு புத்தகம் போட்டதில்ல."

"கொண்டுவந்து என்ன செய்வீங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"அது கதையோட தேவையைப் பொறுத்தது. அனேகமா கொன்னுடுவோம். ஆனா மரியாதையோட. முகத்துல ஒரு கீறல் இருக்காது, நீங்க எந்தப் புத்தகத்தை வேணா எடுத்துப் பாருங்க. ஆம்பளைச் சடலம்னா ஒரு வரிதான். பெண் சடலத்துக்கு அரைப் பக்கத்துக்குக் குறைச்சு எழுதினா நான் திருப்பி அனுப்பிடுவேன்."

அவர் பின்னால் மூன்று இரும்பு அலமாரிகள் இருந்தன. ஒன்றில் 'தாய்', ஒன்றில் 'மோகினி', ஒன்றில் 'சடலம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. நிறுவனத்தின் முப்பது வருஷத்துப் பெண்கள் எல்லோரும் அந்த மூன்றுக்குள் அடக்கம் என்றார். ஒருவரே இரண்டு பதவி வகிக்கலாம், உதாரணமாக மோகினி பிற்பாடு சடலமாகலாம். அது பதவி உயர்வுதான்.

"இப்ப உங்க கோரிக்கை என்ன?"

"அந்தப் பொண்ணு நான் இல்லன்னு ஒரு கடிதாசு வேணும்யா. அவ்வளவுதான்."

மேலாளர் முகம் கவலையால் சுருங்கியது. "அப்ப நீங்க யாரு? மோகினி இல்லங்கறீங்க, சரி. சடலம் இல்லங்கறீங்க. தாயா?"

"ஒரு பையன் இருக்கான். வெளியூர்ல லாரி ஓட்டறான்."

"அவனுக்காக நீங்க ஏதாவது தியாகம் செஞ்சு ரத்த வாந்தி எடுத்தீங்களா?"

"இல்லையே."

"சுவர்ல படமாவாவது தொங்கறீங்களா? இல்ல. உயிரோட இருந்து, வேலைக்குப் போய், முட்டி வலியோட ஒரு பெண்மணி… எந்த அலமாரியில வைக்கறது உங்களை?" அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். நல்ல மனிதர்தான். "இப்படி ஒருத்தர் இருக்காங்கன்னு நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு இவங்களை ஏன் கதையில வைக்கலன்னு என்னைக் கேப்பாங்க. நீங்க ஐஞ்சாம் மாடிக்குப் போங்க. மதம் சம்பந்தப்பட்டது எல்லாம் அவங்க பொறுப்பு."

அன்று அதற்கு மேல் படி ஏறச் சாவிக்காரம்மாவால் முடியவில்லை. ஐந்தாம் மாடிக்கு மறு வாரம் போனார்கள்.

ஐந்தாம் மாடியில் மதச் சமநிலைப் பிரிவு. அறை நடுவில் பெரிய அட்டவணை தொங்கியது. இடப்பக்கம் மதங்கள், மேலே மாதங்கள், கட்டங்களில் சின்னச் சின்னக் கத்திப் படங்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி விளக்கினார்.

"எந்த மதத்தோட மனசையும் புண்படுத்தக் கூடாதுங்கறது எங்க கொள்கை. புண்படுத்த வேண்டி வந்தா எல்லாரையும் சமமாப் புண்படுத்தணும். ஒருத்தர் குருவைக் கொலைகாரனாக் காட்டினா, மூணு மாசத்துக்குள்ள அடுத்தவர் குருவையும் காட்டிடுவோம். போன வருஷம் ஒரு மதத்துக்கு ஒரு வில்லன் குறைஞ்சுபோச்சு. அவங்க ஆளுங்க வந்து, எங்களை மதிக்கலயான்னு சண்டை போட்டாங்க. அப்புறம் சிறப்பு மலர்ல சேர்த்துக் குடுத்தோம்."

"எங்க மண்டபத்துல அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க," என்றார் சாவிக்காரம்மா.

"இல்லாம எப்படி? மதம்னா ஒரு பாதாள அறை, ஒரு பழைய ஏடு, முகமூடி, ஒத்தைக் கண் குரு, பௌர்ணமிக்கு ஒரு பலி. இதுக்கு மேல மதத்துல என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறேன். உங்க மண்டபத்துல என்னதான் நடக்குது?"

முதல்முறையாக ஒருவர் கேட்கிறார் என்று சாவிக்காரம்மா சந்தோஷமாக, நிதானமாகச் சொன்னார். "காலையில நான் கதவைத் திறப்பேன். கொஞ்ச நேரத்துல வயசானவங்க நாலு பேரு வருவாங்க. பாயில உட்காருவாங்க. கண்ணை மூடிப்பாங்க. அதுல ஒருத்தர் தூங்கிடுவாரு. யாரும் எழுப்ப மாட்டோம். வெயில் ஜன்னல்ல இருந்து நகர்ந்து அவர் முகத்துக்கு வந்ததும் அவரா எழுந்திருப்பாரு. எல்லாரும் கிளம்பிடுவாங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இதுல திருப்பம் எங்க?"

"திருப்பம் ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப இதை எந்த மாசத்துல போடறது?" என்று அவர் அட்டவணையைப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்கு நல்லது செய்யும் எண்ணத்தோடு சொன்னார். "நாவல்ல உங்க மதத்துக்குப் பேரே வைக்கல, கவனிச்சீங்களா? புண்படக் கூடாதுன்னுதான். பேரே இல்லாத மதத்துல இல்லாத பொண்ணு நீங்க இல்லன்னு நான் எப்படி எழுதித் தர முடியும்? அதை எழுத்தாளர்தான் சொல்லணும். மேல போங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் மருமகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் எப்போதும் இருக்கும் புத்தகம் அன்றைக்கு இல்லை.

"எத்தனை வருஷமாப் படிக்கறேன் அத்தை," என்றாள். "செத்துப்போன பொண்ணுங்கள்ல யாருக்காவது ஒரு மருமக இருப்பாளோன்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. யாரு கொன்னாங்கன்னுதான் அவசர அவசரமாப் பக்கத்தைத் திருப்பினேன்."

"விடு. நீயா கொன்னே?" என்றார் சாவிக்காரம்மா. அவருக்கு அழுகை வந்தது, ஆனால் பேருந்தில் கூட்டமாக இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

எழுத்தாளர் ஆறாம் மாடியில், ஆறு மேஜைகள் போட்ட ஒரு அறையில் இருந்தார். மேஜைக்கு ஒரு நாவல். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அதே தொப்பி. சாவிக்காரம்மாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்ததைச் சொன்னபோது, தண்ணீர் ஞாபகம் வந்தது.

"ஜில்லுன்னு இருந்துச்சும்மா," என்றார் நெகிழ்ந்துபோய். "அவ சாகற கட்டத்தை எழுதறப்ப நான் அழுதுட்டேன். ரெண்டாவது மேஜைக்கு நகரவே மனசு வரல."

"எதுக்குங்கய்யா கொன்னீங்க?"

"அவளுக்கு ரகசியம் தெரிஞ்சுபோச்சு."

"என்ன ரகசியம்?"

"அதைச் சொல்றதுக்கு முன்னாடியே செத்துட்டாளே! எனக்கும் தெரியாது."

சாவிக்காரம்மா தான் மூன்று வாரமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னார். "ஐயா, கொன்னது போகட்டும். அவ சாவியைக் குடுக்க மாட்டாய்யா. பதினெட்டு வருஷம் காப்பாத்தின பொம்பளை, பத்து நிமிஷம் முன்னாடி பார்த்த ஆளுக்கு எதுக்குக் குடுக்கணும்? அதை மட்டும் மாத்தி எழுதக் கூடாதா? கையெழுத்தாவது வாங்கினான்னு."

எழுத்தாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அவ சாவியைக் குடுக்கலன்னா கதாநாயகன் உள்ளே எப்படிப் போவான்? வாசல்லயே நிப்பானேம்மா. பெண்ணோட மனசு உங்களுக்குத் தெரியாது. நான் நூத்தி எண்பது நாவல் எழுதியிருக்கேன்."

ஆனாலும் தண்ணீர் கொடுத்த நன்றிக்காக, ஒப்பீட்டுக் குழுவைக் கூட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஒப்பீட்டுக் குழுவில் நாலாம் மாடி மேலாளரும் ஐந்தாம் மாடி அதிகாரியும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். சாவிக்காரம்மாவை அறை நடுவில் நிற்கவைத்தார்கள். ஒருவர் நாவலிலிருந்து ஒரு வரியைப் படிப்பார். ஐந்து பேரும் அவரைப் பார்ப்பார்கள். பிறகு குறித்துக்கொள்வார்கள்.

"'திராட்சைக் கண்கள்.'"

"இல்லை. வலது கண்ணில் புரை."

"'மானின் நடை.'"

"கொஞ்சம் நடங்கம்மா." நடந்தார். "இல்லை."

"'அவள் கழுத்தின் சரிவில் பனித்துளி தயங்கி நின்றது.'"

"இல்லை. வியர்வை."

"'மர்மமாகச் சிரித்தாள்.' அம்மா, கொஞ்சம் மர்மமாச் சிரிங்க."

சாவிக்காரம்மா முயற்சி செய்தார். கடிதம் வேண்டுமே என்று மனசாரச் சிரித்தார். ஐந்து பேரும் கூர்ந்து பார்த்தார்கள். கதவோரம் நின்ற மருமகள் "போதும் அத்தை, வாங்க போலாம்" என்று கத்திவிட்டாள். கூச்சல் போட்டால் குழு கலைக்கப்படும் என்று ஒருவர் எச்சரித்ததால் சாவிக்காரம்மாவே அவளை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு திரும்பி இன்னொரு முறை சிரித்துக் காட்டினார்.

பதினேழு வரிகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கடிதம் தட்டச்சாகி, முத்திரை குத்தப்பட்டு, மாலைக்குள் கையில் வந்தது.

'மேற்படி அம்மையார் எங்கள் நாவலில் வரும் சாவிப் பெண் அல்ல என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. அழகு, இளமை, கவர்ச்சி, மர்மம் ஆகியவற்றில் எதுவும் இவரிடம் இல்லை என்பதும், எந்த ரகசியமும் இவருக்குத் தெரியாது என்பதும், நாவலில் இடம்பெறத் தக்க தகுதி எதுவும் எக்காலத்திலும் இவருக்கு இருந்ததில்லை என்பதும், ஐவர் குழுவால் நேரில் ஆராயப்பட்டு ஏகமனதாக உறுதி செய்யப்பட்டன. நிறுவனம் பெண்மையைப் போற்றுகிறது.'

மருமகள் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாவிக்காரம்மா அதை வாங்கி, கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வழிநெடுக மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே என்ன எழுதியிருந்தால் என்ன, வேலை முடிந்தது. அன்று இரண்டு மாத்திரை குறைவாகப் போட்டும் முழங்கால் வலிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மண்டபத்துக்குப் போனபோது தெருமுனைவரை வரிசை நின்றது. வாசலைத் தாண்டி வளாகத்துக்குள் போக அரை மணி நேரம் ஆயிற்று. கீழ்ப் படிக்கட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, சிவப்பு பல்பு மாட்டியிருந்தார்கள். பினாயில் அறைக் கதவில் வரிசையாகப் பதினான்கு பூட்டுகள் தொங்கின. பத்துப் பத்துப் பேராகக் கீழே போய், நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து மேலே வந்தார்கள். செயலாளர் கழுத்தில் விசில் போட்டுக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

படிக்கட்டின் மேல்முனையில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கழுத்தில் பதினான்கு சாவிகள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் இருந்தன. கால் மணிக்கு ஒருமுறை அவள் குனிந்து தலையில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

குழு பக்கத்து அலுவலக அறையில் அவசரமாகக் கூடியது. செயலாளர் கடிதத்தை உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் உறுப்பினர்கள் திருப்தியோடு தலையாட்டினார்கள்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் செயலாளர். "நீங்க அந்தப் பொண்ணு இல்லன்னு எழுத்துப்பூர்வமா உறுதியாயிடுச்சு. எங்களுக்கு அப்பவே தெரியும்."

"அப்ப சாவியைக் குடுங்கய்யா. நேரமாச்சு, இன்னும் பாய் விரிக்கல."

"அதெப்படி? அந்தப் பொண்ணு நீங்க இல்லையே! வர்றவங்க எல்லாம் அவளைப் பார்க்கத்தானே வர்றாங்க. மதத்தை விட்டு விலகிப்போன ஒரு தலைமுறையே திரும்பி வந்திருக்கும்மா. இந்த நேரத்துல, மர்மம் இல்ல, ரகசியம் தெரியாதுன்னு முத்திரையோட வந்து நிக்கற ஒருத்தர் கழுத்துல சாவியைப் போட்டா, குழுவுக்குப் பொறுப்பு இருக்கா இல்லையான்னு கேக்க மாட்டாங்க?"

சாவிக்காரம்மா தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு, அந்தப் பொண்ணு நான்னுதானேய்யா சாவியை வாங்கினீங்க?"

"அன்னைக்குக் குழுவுக்கு இவ்வளவு தெளிவு இல்ல," என்றார் செயலாளர். கடிதத்தில் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார்.

வெளியே வரும்போது அந்த இளம்பெண் அவரைக் கூப்பிட்டாள். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, மேலே இருந்த மண்டபக் கதவைக் காட்டினாள்.

"அம்மா, இதுக்கு எந்தச் சாவி? மூணு வாரமா எல்லாரும் போட்டுப் பார்த்துட்டாங்க, திறக்க மாட்டேங்குது. திறக்காம இருக்கறதே நல்லா இருக்குன்னு செயலாளர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

"பல் தேஞ்ச பித்தளைச் சாவி. உள்ளே விட்டு, லேசா மேல தூக்கி, இடது பக்கமாத் திருப்பணும்," என்று சாவிக்காரம்மா கொத்தில் அதைத் தேடிக் கையை நீட்டினார்.

விசில் ஒலித்தது. "யாரும்மா அது? வெளியாளுங்க சாவியைத் தொடக் கூடாது!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தும்மினாள். கூட்டம் அதையும் படம் எடுத்தது.

மண்டபக் கதவுக்கு வெளியே, தரையில், வழக்கமாக வரும் நான்கு பெரியவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் வந்து இப்படிக் காத்திருந்துவிட்டுப் போகிறார்களாம். சாவிக்காரம்மாவைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது.

"என்னம்மா ஆச்சு? கடிதாசு குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கய்யா. அந்தப் பொண்ணு நான் இல்லன்னு முடிவாயிடுச்சு."

"அதானே! நாங்க அப்பவே சொல்லலையா? எப்படியோ நல்லபடியா முடிஞ்சுதே," என்று நான்கு பேரும் மாறி மாறிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவர் கதவைத் திறப்பதற்காக மெல்ல எழுந்து நின்றார்கள்.